தலைவர் ஒருவர், வீடு ஒன்று

கல்முனைப் பசாரில் ஓர் அரிசிக் கடையின் மேல்மாடியில் அந்தத் திட்ட அலுவலகம் இயங்கியது. சுனாமியில் கடல் ஊருக்குள் வந்துபோன மறு ஆண்டு அது. கீழே மூட்டை இறக்குகிறவர்கள் ஒருவரையொருவர் ஏசுவது மேலே தெளிவாகக் கேட்கும். வீடிழந்தவர்களுக்கு வீடு கட்டிக்கொடுக்க வந்திருந்த வெளிநாட்டு உதவி அமைப்பு ஒன்று, எந்த வீடு யாருக்கு என்று பதிந்து பகிர்ந்தளிக்க ஒரு கணினி முறைமை வேண்டுமென்று கொழும்பு நிறுவனம் ஒன்றிடம் கேட்டிருந்தது. அந்த நிறுவனத்தில் வேலை பார்த்த ஹிமாயாவுக்குச் சொந்த ஊர் சாய்ந்தமருது. "உங்கட ஆக்கள். நீங்க போய்க் கேட்டா மனம்விட்டுக் கதைப்பாங்க" என்று சொல்லி அவளை அனுப்பினார்கள்.

நிரல் எழுதும் வேலை குணத்துடையது. அவர் பாண்டிருப்பைச் சேர்ந்த தமிழர். ஹிமாயாவைவிடச் சில வயது மூத்தவர் என்பதால் அவள் அவரைக் குணம் அண்ணன் என்பாள். நிரல் எழுதுவதற்கு முன்னால் செய்யவேண்டியது ஹிமாயாவின் வேலை. முறைமையைப் பயன்படுத்தப்போகிறவர்கள் யார் யார், அவர்கள் என்ன வேண்டி அதனிடம் வருகிறார்கள், வந்தவருக்கும் கணினிக்கும் இடையில் முதலில் என்ன நடக்கும், அடுத்து என்ன, இடையில் ஏதும் பிசகினால் என்ன என்றெல்லாம் கேட்டறிந்து, நடக்கிற ஒழுங்கில் எழுதிவைக்க வேண்டும். தொழிலில் அதற்கு யூஸ் கேஸ் என்று பெயர். படமாகவும் வரைவார்கள். வருகிறவருக்கு ஒரு குச்சி மனிதன், அவர் முடித்துக்கொள்ள வந்த காரியத்துக்கு ஒரு முட்டை வட்டம், இரண்டையும் சேர்க்க ஒரு கோடு. பார்க்கச் சிறுபிள்ளை கிறுக்கியதுபோல இருக்கும். ஆனால் அந்தப் படத்தில் இடம்பெறாத ஆளுக்கு முறைமைக்குள்ளும் இடம் கிடையாது.

அவள் சாய்ந்தமருதிலும் மருதமுனையிலும் பாண்டிருப்பிலும் இருந்த தற்காலிகக் கொட்டில்களுக்குப் போய் இருந்து கேட்டாள். தகரக் கூரையின் சூட்டில் முந்தானையால் விசிறிக்கொண்டே பெண்கள் பதில் சொன்னார்கள்.

"ஊட்டுத் தலைவர் ஆரு, ராத்தா?"

"அவர்தான், எங்கட மாப்பிள்ள."

"கடலோட போன ஊடு ஆருட?"

"அது என்ட ஊடு. உம்மா வாப்பா எனக்குக் கட்டித் தந்த."

இரண்டு பதில்களும் ஒரே மூச்சில் வந்தன. சொன்னவர்களுக்கு அதில் முரண்பாடு ஏதும் தெரியவில்லை, ஹிமாயாவுக்கும் தெரியவில்லை. அந்தக் கரையில் முஸ்லிம் வீடென்றாலும் தமிழ் வீடென்றாலும் வழமை ஒன்றுதான். மகள் பிறந்தால் அவளுக்கு ஒரு வீடு எழும்பவேண்டும். கலியாணம் முடித்த மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வந்து இருப்பான். அரசாங்கக் கந்தோரில் கூப்பிட்டால் அவன் போவான், பள்ளிவாசல் சந்தாவை அவன் கட்டுவான், தலைவர் அவனே. வீடு அவளுடையது.

ஆகவே அவள் படத்தில் இரண்டு குச்சி மனிதர்களை வரைந்தாள். ஒருவர் குடும்பத் தலைவர், மற்றவர் வீட்டு உரிமையாளர். இருவரும் ஒரே ஆளாக இருக்கலாம், வேறு வேறு ஆளாகவும் இருக்கலாம். உரிமையாளருக்கு நேரே 'இழந்த வீட்டின் உரித்தை உறுதிசெய்தல்' என்று ஒரு முட்டை வட்டம் போட்டாள். அதன் கீழே படிகளை எழுதினாள். வீட்டின் உறுதிப் பத்திரம் கடலோடு போயிருந்தால் அயலவர் இருவரைக் கொண்டு சாட்சி சொல்லவைக்கலாம். உரிமையாளர் இறந்திருந்தால் அவருடைய பெண் பிள்ளைகளைக் கேட்கவேண்டும். இந்தக் கடைசிப் படியை எழுதும்போது மட்டும் அவளுடைய விரல்கள் விசைப்பலகையில் கொஞ்ச நேரம் தங்கிவிட்டன.

அவளுடைய அக்கா, றாபியா ராத்தா, கடலோடு போனவள். கடற்கரைக்குக் கிட்ட இருந்த அந்த வீடு றாபியாவின் சீதனம். அன்றைக்கு அவளுடைய கணவர் றவூப், தான் வேலைசெய்த துணிக்கடைக்குப் போயிருந்தார். மகள் சிபானா முதல்நாளே ஹிமாயாவின் உம்மா வீட்டுக்கு வந்து நின்றாள். அதனால் அந்த இருவரும் மிஞ்சினார்கள். றாபியாவின் உடல் கிடைத்தது. வீட்டில் குசினிச் சுவரொன்று மட்டும் நின்றது. இப்போது றவூப் மகளோடு கொட்டிலில் இருந்தார். ஹிமாயாவின் உம்மா, ஆமினா உம்மா, பெருந்தெருவுக்கு மேற்கே தப்பி நின்ற தன் வீட்டில் இருந்தார்; திட்ட வேலைக்கு வந்த ஹிமாயாவும் அங்கேதான் தங்கினாள். அந்த வீடு ஹிமாயாவுக்கென்று வைத்திருப்பது.

ஆவணத்தைச் சரிபார்த்து ஒப்பமிடும் கூட்டம் ஒரு காலையில் நடந்தது. கொழும்பிலிருந்து திட்ட முகாமையாளர் நிலாந்தினி வந்திருந்தார். உதவி அமைப்பின் அதிகாரியும் அவருடைய ஆட்கள் சிலரும் மேசையின் மறுபக்கத்தில் இருந்தார்கள். அதிகாரிக்குப் படம் பிடிபடவில்லை.

"ஏன் இரண்டு ஆள்? ஒரு குடும்பத்துக்கு ஒரு வீடு. ஒரு குடும்பத்துக்கு ஒரு தலைவர். நாங்கள் வேலைசெய்த எல்லா நாட்டிலும் இப்படித்தான்" என்றார் ஆங்கிலத்தில். நிலாந்தினி ஹிமாயாவைப் பார்த்தார்.

ஹிமாயா விளக்கினாள். வீடு பெண்ணுடையது என்றாள். தலைவர் பெயரில் மட்டும் எழுதினால் ஊர் முழுக்கப் பெண்களின் வீடுகள் ஆண்களின் பெயருக்கு மாறிப்போகும் என்றாள். அவளுடைய குரல் தேவைக்கு மேல் உயர்ந்துவிட்டது. மேசையில் இருந்த ஒருவர், உரித்தை உறுதிசெய்யப் போனால் வழக்கும் வம்பும் வரும், மழைக்கு முன்னால் ஒரு வீடும் கொடுக்க முடியாது என்றார். அதுவும் பொய்யில்லை. கொட்டில்களில் வெள்ளம் ஏறினால் சனம் என்ன செய்யும் என்று அவளுக்கும் தெரியும்.

நிலாந்தினி மெல்லக் குனிந்து தமிழில் கேட்டார். "ஹிமாயா, இது நீங்க வெளியில விசாரிச்சு எடுத்ததா, இல்லாட்டி உங்கட வீட்டிலயும் இப்படி ஒரு பிரச்சினை இருக்கா?"

அவர் குத்திக்காட்டக் கேட்கவில்லை. எதிர்ப்பக்கம் பின்னால் அறிந்து குறை பிடித்துவிடக்கூடாது என்ற அக்கறையில்தான் கேட்டார். ஆனால் ஹிமாயாவுக்கு முகம் சுட்டது. ஓம் என்றால், இவ்வளவு நேரம் சொன்னதெல்லாம் அக்காவின் வீட்டுக்காகச் சொன்னதாகிவிடும். இல்லை என்றால் அது பொய். கொட்டில் கொட்டிலாகப் போய்க் கேட்ட பெண்களின் பதில்கள் எல்லாம் அந்த நேரத்தில் தன் சொந்தக் காரியம்போல அவளுக்கே தோன்றத் தொடங்கின.

"அந்த வட்டத்த எடுத்துடுவம், மிஸ்" என்றாள். "அடுத்த பதிப்பில பாப்பம்."

எடுத்துவிட்டார்கள். பதிலாக அதிகாரி கேட்ட ஒரு விதியைச் சேர்க்கவேண்டி வந்தது. ஒரே குடும்பம் இரண்டாகப் பிரிந்து இரண்டு வீடு கேட்பதாகப் பல இடங்களில் முறைப்பாடு இருந்தது. அதைத் தடுக்க, பதிந்த இருவர் மணம் முடித்தால் இரண்டு பதிவுகளையும் கணவரைத் தலைவராகக் கொண்டு ஒன்றாக்கவேண்டும் என்றார். ஹிமாயா அதற்கும் படிகளை எழுதினாள். சுருக்கமாக, பிசகில்லாமல், நன்றாகவே எழுதினாள். பிற்பகலில் எல்லோரும் ஒப்பமிட்டார்கள். குணம் மாத்திரம் படியிறங்கும்போது, "நீங்க விட்டிருக்கக்கூடாது" என்றார்.

முறைமை ஓடத் தொடங்கியது. கரைவாகுப் பக்கம் வயலை நிரப்பி வீடுகள் எழும்பின. முதல் தொகுதியில் றவூப்பின் பெயர் வந்தது. ஹிமாயா அதில் கை வைக்கவில்லை. பட்டியலை எடுத்த நாளில் அவள் வேண்டுமென்றே அலுவலகத்துக்குப் போகாமல் இருந்தாள்.

புது வீட்டின் திறப்பை, சாவிக் கொத்தை, வாங்கிய கையோடு றவூப் ஆமினா உம்மாவிடம் வந்தார். விறாந்தையில் கதிரையின் நுனியில் இருந்தபடி, சேர்ட் பொத்தானைத் திருகிக்கொண்டே சொன்னார்.

"மாமி, நான் ஒரு விசயம் கதைக்க வந்தன். கோவப்படாதீங்க."

"சொல்லுங்க, மருமகன்."

"கலியாணம் ஒண்டு முடிக்கிற எண்டு நினைச்சிரிக்கன். கொட்டிலில எங்களுக்குப் பக்கத்தில இருக்கிற ஜெஸீலா. அவட மாப்பிள்ளயும் கடலோட போனவர்தான். ரெண்டு புள்ள இரிக்கி. சிபானாவ அவதான் இவ்வளவு நாளும் குளிப்பாட்டி, தல வாரி, பள்ளிக்கு அனுப்பின."

மருமகன் மறுமணம் முடிப்பதை ஆமினா உம்மா பிழையாக நினைக்கவில்லை. சிறு வயதுக்காரன், எத்தனை காலம் தனித்திருப்பான். ஆனாலும் ஒன்று கேட்டார். "முடிச்சி எந்த ஊட்டுக்குப் போறீங்க?"

"இப்ப கிடைச்ச ஊட்டுக்குத்தான்."

"அது என்ட மகள்ட ஊடு."

"மாமி, பேர் என்ட பேரிலதான் வந்திரிக்கி."

"வந்திரிக்கும். ஆரோ எழுதி வந்திரிக்கும். நீங்க ஒரு கலியாணச் சீலையோட மட்டும் வந்த மாப்பிள்ள, றவூப். அந்த ஊட்டுக்குக் கல்லு மண்ணு எடுத்தது அவட வாப்பா. அவ மௌத்தாகினா அது சிபானாவுக்கு."

"மௌலவியிட்டயும் கேட்டன். எனக்கும் அதில ஒரு பங்கிரிக்கி எண்டார்." கொஞ்சம் நிறுத்திவிட்டு, நேர்மையான மனிதர் என்பதால் மீதியையும் சொன்னார். "முழுசும் எனக்கில்ல எண்டும் சொன்னார். ஆனா எங்களுக்கு வேற என்ன வழி இரிக்கி, மாமி? ஜெஸீலாட ஊடும் போயிட்டு. நாங்க எங்க போய் இருக்கிற?"

ஆமினா உம்மா எழுந்து உள்ளே போய்விட்டார். அறை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த ஹிமாயாவைத் தாண்டும்போது, "நீதானே அந்தக் கம்பியூட்டருக்குப் படிச்சிக் குடுத்த?" என்றார்.

நிக்காஹ் நடந்தது. ஆமினா உம்மா போகவில்லை. ஹிமாயா போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தாள். சிபானாவுக்குப் புதுச் சட்டை தைத்துப் போட்டிருந்தார்கள். பிள்ளை தன் சாச்சி ஹிமாயாவின் கையைப் பிடித்துக்கொண்டே நின்றது, கடைசியில் அவளோடேயே வந்துவிட்டது. இரண்டு நாள் நின்றுவிட்டு வரட்டும் என்று றவூப் சொன்னார். பிறகு அது அப்படியே ஆகிவிட்டது. புது வீட்டில் ஜெஸீலாவின் பிள்ளைகள் அவரை வாப்பா என்று கூப்பிடுவதைச் சிபானாவால் பொறுக்க முடியவில்லை.

நிக்காஹ் முடிந்து சில வாரங்களில் ஜெஸீலா அலுவலகத்துக்கு வந்தாள். மெலிந்த, உயரமான பெண். வேகமாக நடந்து வந்ததில் மூச்சு வாங்கியது.

"மிஸ், ரெண்டாவது தொகுதி ஊடு குடுக்காங்களாம். என்ட பேரும் இருந்திச்சி. இப்ப பாத்தா இல்லெங்காங்க. ஒருக்காப் பாருங்களன்."

ஹிமாயா அவளைக் கதிரையில் இருக்கவைத்துவிட்டு இலக்கத்தைத் தட்டிப் பார்த்தாள். ஜெஸீலாவின் பதிவு மூடப்பட்டிருந்தது. கீழே ஒரு வரி: மணத்தின் மூலம் ஒன்றாக்கப்பட்டது, தலைவர் றவூப். அவள் எழுதிய படிகள் ஒன்றுகூடப் பிசகாமல் நடந்திருந்தன.

"ராத்தா, நீங்க அவர முடிச்சதால உங்கட பதிவு அவர்ட பதிவோட சேந்துட்டு. ஒரு குடும்பத்துக்கு ஒரு ஊடுதான்."

ராத்தா என்ற சொல் வாயிலிருந்து வந்த பிறகுதான் அதை றாபியாவின் இடத்துக்கு வந்தவளிடம் சொல்கிறோம் என்பது அவளுக்கு உறைத்தது. ஜெஸீலா அதைக் கவனிக்கவில்லை. அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப என்ட ஊடு?"

"அது இனி..."

"எனக்கு ஒரு பொம்புளப் புள்ள இரிக்கி, மிஸ். அது வளந்தா நான் எந்த ஊட்டக் குடுக்கிற? இப்ப இரிக்கிற ஊடு உங்கட ராத்தாட மகள்ட எண்டு எனக்குத் தெரியாதா? உங்கட உம்மா அங்க கால் வைக்காம இரிக்கிறதும் தெரியும். நான் அந்த ஊட்டப் புடிக்க வரல்ல. எனக்கும் ஊடு இருந்த. எனக்குரியதைத் தந்தா நான் என்ட புள்ளயளோட அவரையும் கூட்டிக்கிட்டு அங்க போயிருவன். இத சிபானாக்கு வெச்சிடலாம். அவ்வளவுதானே?"

அவ்வளவுதான். வழமைப்படி விட்டிருந்தால் இரண்டு வீடுகள் இரண்டு பெண் பிள்ளைகளுக்கு இருந்திருக்கும். இப்போது ஒரு வீடு ஒரு ஆணின் பெயரில் இருந்தது. அதை அபகரிக்க நினைக்காத அந்த மனிதரையும் திருடன்போல ஆக்கிவிட்டது.

ஜெஸீலா போன பிறகு குணம் தன் கதிரையை அவள் பக்கம் இழுத்தார். அவர் எல்லாவற்றையும் கேட்டிருந்தார்.

"தரவுத்தளத்தில ஒரு வரிதான், ஹிமாயா. ஜெஸீலாட பதிவத் திரும்பத் திறந்துவிடுறன். நாளைக்கே ரெண்டாவது தொகுதியில பேர் வரும். ஆரும் கண்டுபிடிக்க மாட்டாங்க."

அவள் உடனே வேண்டாம் என்று சொல்லிவிடவில்லை. கீழே போய்த் தேத்தண்ணீர் குடித்தாள். பசாருக்குள் கொஞ்ச தூரம் நடந்தாள். ஜெஸீலாவுக்கு வீடு, சிபானாவுக்கு வீடு, உம்மாவின் கோபம் தீரும். ஒரு வரி. ஆனால் அதே கொட்டில்களில் ஜெஸீலாவைப்போல மறுமணம் முடித்த இன்னும் எத்தனை பெண்கள்? அவர்களுக்கு யார் வரி மாற்றுவார்கள்? குணத்தோடு ஒரே அறையில் வேலைசெய்கிற சாச்சி எல்லாப் பிள்ளைகளுக்கும் இல்லை. அதோடு இப்படி வரி மாற்றியதைக் கண்டுபிடித்துவிட்டால், சொந்தக்காரருக்குச் செய்தார்கள் என்று முழுத் திட்டத்தையுமே நிறுத்திவிடுவார்கள்.

திரும்பி வந்து, "வேணாம், அண்ணன்" என்றாள். "அந்த விதியையே மாத்தோணும். இன்னும் ஒருக்கா எல்லா இடமும் போய்க் கேட்டு எழுதுவம். வாறீங்களா?"

குணம் கணினியை அணைத்தார். "வாறன். ஆனா எங்கட வீட்டில இருந்து தொடங்குங்க. கலாராணி அக்காட கதைய நான் உங்களுக்கு இன்னும் சொல்லல்ல."

பாண்டிருப்பில் குணத்தின் தாய் நேசம்மா அவளை உள்ளே கூப்பிட்டு இருத்தினார். குணத்தின் அக்கா கலாராணிதான் பேசினார். தாய் தந்த வீடு கடலோடு போனது. அதற்கு மாற்றாக வந்த வீடு கணவர் பெயரில் வந்தது. கணவர் சில மாதங்களில் இன்னொரு பெண்ணோடு போய்விட்டார். பிறகு ஒருநாள் அந்தப் பெண்ணையே கூட்டிக்கொண்டு திறப்போடு வந்தார்.

"சண்டை பிடிக்கல்ல, தங்கச்சி. அடிக்கவும் இல்ல. வீடு குடுத்த கடிதத்தக் காட்டினார். அதில அவர்ட பேர்தான். நான் பிள்ளையளோட றோட்டில நிண்டன். கலியாணம் முடிச்ச நாளில இருந்து, கோவம் வந்தா அவர்தான் வீட்ட விட்டு வெளியால போறவர். எங்கட ஊரில ஆம்புளதான் போவான். நான் வெளியால போனது அதுதான் முதல் தரம்."

ஹிமாயா இந்த முறை குச்சி மனிதர்களை வரையவில்லை. ஒவ்வொரு பெண்ணுக்கும் நடந்ததைப் பெயரை மாற்றி, அவரவர் சொன்ன சொல்லிலேயே படிப்படியாக எழுதினாள். பெண் வருகிறாள், முறைமை இதைக் கேட்கிறது, அவள் இதைச் சொல்கிறாள், முறைமை இப்படி முடிவெடுக்கிறது, அதன் பிறகு அவள் எங்கே போய் இருக்கிறாள். இந்தக் கடைசிப் படி எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லாதது. முடிவெடுத்ததும் முறைமையின் வேலை முடிந்துவிடும் என்றுதான் அவளுக்குப் படிப்பித்திருந்தார்கள்.

அந்த வேலை நினைத்ததுபோல நடக்கவில்லை. அடுத்த ஆண்டு பிறந்து கொஞ்ச காலத்தில் திரும்பவும் யுத்தம் தொடங்கியது. ஒருநாள் தமிழ்ப் பகுதியில் ஹர்த்தால், மறுநாள் முஸ்லிம் பகுதியில் கடையடைப்பு. எங்கோ வெடித்தது என்றால் கல்முனைப் பசார் அரை மணித்தியாலத்தில் வெறிச்சோடும். குணத்தை அலுவலகத்துக்கு வரும் வழியில் சோதனைச் சாவடியில் இறக்கி வைத்து மணிக்கணக்கில் விசாரித்தார்கள். ஹிமாயா பாண்டிருப்புக்குப் போவதை ஆமினா உம்மா தடுத்தார். இருவரும் தொலைபேசியில் கதைத்தே மீதிப் பக்கங்களை முடித்தார்கள். ஒருநாள் குணத்தின் ஒழுங்கையில் இருந்த ஒரு வாலிபனை வான் வண்டியில் வந்தவர்கள் ஏற்றிக்கொண்டு போனார்கள். அவன் திரும்பவில்லை. அந்தக் கிழமையே நேசம்மா இருந்த நகையை விற்று மகனைக் கட்டாருக்கு அனுப்பிவிட்டார்.

விமான நிலையத்திலிருந்து குணம் தொலைபேசி எடுத்துச் சொன்னார். "விதிய மாத்துறதுக்கான நிரல எழுதி வெச்சிட்டன். அவங்க ஓம் எண்டு சொன்னா, நீங்க அதப் போட்டாச் சரி."

அவர்கள் ஓம் என்றார்கள். ஆவணத்தை இம்முறை நிலாந்தினியே எடுத்துக்கொண்டு போய், கலாராணியின் கதையை அதிகாரிக்கு முன்னால் முதலிலிருந்து கடைசிவரை வாசித்தார். ஹிமாயா அந்தக் கூட்டத்தில் எழுந்து முதலாவதாகச் சொன்னது, "இதில் என்னுடைய குடும்பமும் இருக்கிறது" என்பதுதான். அதிகாரி தலையசைத்தார், அவ்வளவுதான். சொன்ன பிறகு, முதல் கூட்டத்தன்றே சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற எண்ணம் அவளை நெடுநாள் விடவில்லை.

இனிக் கொடுக்கும் வீடுகளில் பெண்ணின் பெயரும் சேரும், மறுமணத்தால் யாருடைய பதிவும் மூடப்படாது என்று முடிவாயிற்று. ஆனால் ஏற்கெனவே திறப்புக் கொடுத்த வீடுகளைத் தொடமாட்டோம் என்றார்கள். மூடிய பதிவுகளையும் திறக்கமாட்டார்கள். றவூப்பின் வீடு கொடுத்து முடித்த வீடு. ஜெஸீலாவின் பதிவு மூடிய பதிவு. கலாராணிக்கும் ஒன்றும் திரும்பி வரவில்லை.

திட்டம் முடிந்து அலுவலகம் மூடியது. ஹிமாயா கொழும்புக்குத் திரும்பாமல் கல்முனையிலேயே ஒரு கல்லூரியில் கணினி படிப்பித்தாள். சிபானா அவளோடு வளர்ந்தாள். றவூப் வெள்ளிக்கிழமைகளில் வந்து மகளைப் பார்த்துவிட்டுப் போவார். ஆமினா உம்மா அவருக்குச் சோறு போடுவார், முகம் பார்த்துப் பேசமாட்டார்.

யுத்தம் முடிந்துவிட்டது என்று வானொலி சொன்ன காலத்தில்தான் அந்த வீடுகளுக்கு உறுதி வழங்கப்போவதாகச் செய்தி வந்தது. றவூப் வெள்ளிக்கிழமை இல்லாத ஒரு நாளில் ஹிமாயாவிடம் வந்தார்.

"மச்சி, உறுதி கைக்கு வந்த உடனே சிபானாட பேருக்கு எழுதிருவன். எனக்கு அத வெச்சிக்கிட்டு நித்திரயில்ல. வந்து ஜெஸீலாட்ட ஒருக்காச் சொல்லுங்க. நான் சொல்லப் போனா வாய் வருதில்ல."

ஹிமாயா போனாள். நிரப்பிய வயலில் வேலி ஓரமாக ஜெஸீலா வாழை வைத்திருந்தாள். அவளுடைய மகள் உள்ளே படித்துக்கொண்டிருந்தாள். ஹிமாயா சொன்னதை ஜெஸீலா தேத்தண்ணீர் ஊற்றிக்கொண்டே கேட்டாள்.

"எழுதுங்க" என்றாள். "நான் மறிக்கல்ல. அது அந்தப் புள்ளட உரித்து. ஆனா எழுதக்குள்ள, நாங்க அதுக்கு மறுகா எங்க போய் இரிக்கிற எண்டும் சேத்து எழுதிருங்க."

ஹிமாயா தேத்தண்ணீரைக் குடித்துவிட்டு, கரைவாகு வயலோரமாக நடந்தே வீட்டுக்கு வந்தாள். ஒரு பெண்ணின் வீட்டை அவளுடைய மகளுக்குக் கொடுக்க இன்னொரு பெண்ணைத் தெருவில் விடுவதற்கு எந்த நியாயமும் இல்லை. அப்படியே விட்டால் சிபானா வீடில்லாத பிள்ளை. அந்தக் கரையில் வீடில்லாத பெண்ணுக்கு என்ன நடக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். நடந்து வரும் வழியில்தான் அவளுக்கு அந்த யோசனை வந்தது. வந்த உடனே அது சரி என்று தெரிந்தது.

இரண்டு நாள் கழித்து உம்மாவிடம் சொன்னாள்.

"இந்த ஊட்டச் சிபானாட பேருக்கு எழுதுவம், உம்மா. மச்சான்ட ஊடு ஜெஸீலா ராத்தாவோடயும் அவட மகளோடயும் போகட்டும்."

ஆமினா உம்மா கையில் இருந்த சுளகைக் கீழே வைத்தார். "உனக்குப் பைத்தியமா? இது உன்ட ஊடு. நிந்தவூரில இருந்து கேட்டு வந்திரிக்காங்க. ஊட்டப் பாத்துட்டுத்தான் கேட்டு வந்திரிக்காங்க. ஊடில்லாம உன்ன ஆரு முடிப்பான்?"

"முடிக்காட்டி விடட்டும்."

"அப்படிச் சொல்லாத. ஒருத்தி போயிட்டா. மிச்சம் நீதான். உன்னயும் நான் வெறுங்கையோட பாக்கிறதா?" ஆமினா உம்மாவின் குரல் உடைந்தது. "அவனுக்கு ஊட்ட எழுதினது நீயில்ல. அந்த வெள்ளக்காரன்ட கொம்பனி. நீ என்னத்துக்கு உன்டத எடுத்து நிரப்புற?"

"நான் எழுதின விதிதான், உம்மா."

"எழுதச் சொன்னான், எழுதின."

ஹிமாயா அதற்கு மேல் வாதாடவில்லை. ஒப்பமிட்ட அந்த நாளை அவள் நெடுநாளாக எண்ணிப் பார்த்தவள். அப்போது விட்டுக்கொடுத்ததை இந்த வீடு ஈடுசெய்யும் என்றும் அவள் நினைக்கவில்லை. கண்ணுக்கு முன்னால் ஒரு பிள்ளை இருந்தது, கொடுப்பதற்கு ஒன்று இருந்தது, அவ்வளவே.

உம்மா மசிய மாதங்கள் எடுத்தன. நிந்தவூர்க்காரர்கள் செய்தி கேட்டு, நாகரிகமாக, மகனுக்கு இப்போதைக்குக் கலியாண எண்ணம் இல்லை என்று சொல்லியனுப்பினார்கள். அன்றைக்கு ஹிமாயா அறையைச் சாத்திக்கொண்டு அழுதாள். அந்த மனிதரை அவள் ஒரு முறைதான் பார்த்திருந்தாள். ஆனாலும் அழுகை வந்தது. கதவுக்கு வெளியே உம்மா நின்றுகொண்டிருப்பது கதவின் கீழ் நிழலில் தெரிந்தது. அடுத்த கிழமை ஆமினா உம்மாவே, "உறுதி எழுத நொத்தாரிசுக்கிட்ட எப்ப போற?" என்று கேட்டார்.

உறுதியில் ஆமினா உம்மாவுக்கு உயிருள்ளவரை அங்கே இருக்கும் சீவிய உரித்து வைத்து, வீடு சிபானாவின் பெயருக்கு எழுதப்பட்டது. றவூப்பும் ஜெஸீலாவும் சாட்சிக்கு வந்தார்கள். முடிந்து எல்லோருமாக வீட்டுக்கு வந்தபோது ஜெஸீலா கேற்றடியில் தயங்கி நின்றாள். அவள் அந்த வீட்டுக்குள் இதுவரை வந்ததில்லை. ஆமினா உம்மா திரும்பிப் பார்த்தார்.

"ஏன் அங்கேயே நிக்காய்? உள்ளுக்கு வா. சோறாக்கி வெச்சிரிக்கன்."

ஜெஸீலா செருப்பைக் கழற்றிவிட்டு வந்தாள். றவூப் விறாந்தைக் கதிரையில் இருந்து கைலேஞ்சியால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். திறப்புக் கொடுத்து முடித்த வீடுகள் ஹிமாயாவுக்கு நினைவு வந்தன. அந்த வீடுகளில் எடுத்துக்கொடுக்க இன்னொரு வீடு வைத்திருக்கும் சாச்சிமார் எத்தனை பேர் இருப்பார்கள்? கலாராணி இப்போது தாயோடு ஒரே அறையில் பிள்ளைகளை வைத்துக்கொண்டு இருப்பதாகக் குணம் கடைசியாகத் தொலைபேசி எடுத்தபோது சொல்லியிருந்தார்.

சாப்பிட்டு முடித்த பிறகு சிபானா குசினிக்குள் வந்தாள். பெரிய பிள்ளையாகிக்கொண்டிருந்தாள். நெற்றி மட்டும் றாபியாவின் நெற்றி.

"சாச்சி, இது இனி என்ட ஊடா?"

"ஓம்."

"அப்ப நீங்க எங்க இரிப்பீங்க?"

ஹிமாயா கோப்பையைக் கழுவியபடி சிரித்தாள். "எனக்கும் ஒரு அறை தருவியா?"

சிபானா சிரிக்கவில்லை. வீட்டை ஒரு முறை சுற்றிப் பார்த்தாள், முன் அறை, ஆமினா உம்மாவின் அறை, பின்னால் கிணற்றுப் பக்கத்துச் சிறிய அறை. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "கிணத்தடி அறையில காத்து வராது, முன் அறைய எடுங்க" என்றாள்.